காலணா

புது மருமகள் வாசற்படி ஏறும்போது, “வலது காலை எடுத்து வைத்து வா, அம்மா!” என்று சொல்லாத மாமியார் நம் ஊரில் கிடையாது. பிற்பாடு அந்த மருமகளோடு என்னென்ன மனஸ்தாபம் வந்தாலும் சரி, வந்த அன்று எந்தக் காலை வைத்தாள் என்பதில் மட்டும் ஒருவரும் அலட்சியமாக இருப்பதில்லை. இடது கால் என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை. இடது கைக்கும் இதே கதிதான். குழந்தை இடது கையால் பட்சணத்தை வாங்கினால், கொடுக்கிற பாட்டி கையை இழுத்துக்கொண்டு விடுகிறாள்.

கால்பந்து மைதானத்தில் மட்டும் இந்தச் சாஸ்திரம் செல்லாது. அங்கே இடதுகால்காரனுக்குத் தனி மவுசு. காரணம் சாதாரணமானதுதான். உலகத்தில் பெரும்பாலோர் வலது காலால் உதைக்கிறவர்கள். மைதானத்துக்கோ இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டும் சமமாக இருக்கின்றன. இடது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோய், ஓடுகிற ஓட்டத்திலேயே கோலுக்கு எதிரே தூக்கிப் போட இடதுகால்காரனால்தான் சௌகரியமாக முடியும். வலதுகால்காரன் அங்கே போனால் ஒரு கணம் தயங்கி, பந்தை மாற்றி வைத்துக்கொண்டு உதைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கணத்துக்குள் எதிராளி வந்து விழுந்துவிடுவான். தவிர, எதிராளியின் கண்ணும் வலதுகால்காரர்களுக்கே பழகியது. இடதுகால்காரன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவன் கணக்குப் போடுவதற்குள் பந்து போய்விடுகிறது.

ஆகையால் ஒரு தேசத்தின் கோஷ்டியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் நல்ல இடதுகால்காரன் ஒருவன் அகப்பட்டால் சந்தோஷப்படுவார்கள் என்று நாம் நினைக்கலாம். அவன் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆடத் தெரிந்தவனாக இருந்தால் சந்தோஷந்தான். எந்த இடத்தில் விட்டாலும் ஆடுகிறவனாக இருந்துவிட்டால்தான் சங்கடம். கல்யாண வீட்டில் எல்லா வேலையும் தெரிந்தவனுக்கு என்ன நேருகிறது? ஆளாளுக்குக் கூப்பிட்டு ஏவுவார்களே தவிர, பந்தியில் இலை போடும்போது அவனை எங்கே உட்கார வைப்பது என்று யாருக்கும் தோன்றாது.

பிரேஸில் தேசத்தில் 1969, 1970-ஆம் வருஷங்களில் இந்தச் சங்கடம் ஒரு பெரிய தேசிய விவகாரமாகவே ஆகிவிட்டது. விவகாரத்தின் நாயகர் எடுவார்டோ கொன்ஸால்வெஸ் டி ஆந்த்ராடே என்பவர். இவ்வளவு நீளமான பெயரை மைதானத்தில் யார் கூப்பிடுவது? சிறு பையனாக, தன்னைவிடப் பெரிய பையன்களோடு ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே ‘டோஸ்டாவ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அந்த ஊரில் பழைய காலத்துச் சில்லறை நாணயம் ஒன்றின் பெயர். தமிழில் சொல்வதானால் ‘காலணா’ என்று சொல்லலாம். காலால் பிழைத்தவருக்குக் காலணா என்று பெயர் அமைவது நம் மொழியில் மட்டும் கிடைக்கிற வேடிக்கை.

1947-ஆம் வருஷம் ஜனவரி 25-ந் தேதி, மினாஸ் ஜெராய்ஸ் மாகாணத்தின் தலைநகரான பெலோ ஹொரிஸோன்டெயில் பிறந்தவர் இவர். பிரேஸிலில் கால்பந்து என்றால் ரியோ, ஸாவ் பாவ்லோ என்ற இரண்டு ஊர்கள்தான் என்று அந்தக் காலத்தில் ஓர் எண்ணம். மற்ற ஊர்க்காரர்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும், “அந்த ஊருக்கு அது சரி” என்று சொல்லி விட்டுவிடுவார்கள். இந்த எண்ணத்தை 1966-ஆம் வருஷக் கடைசியில் பெலோ ஹொரிஸோன்டெயின் குருஸெய்ரோ கிளப்பு உடைத்தது. தேசிய சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டியில் அவர்களுக்கு எதிரே வந்தது பீலேயின் ஸாண்டோஸ் கிளப்பு. தொடர்ந்து ஐந்து வருஷம் அந்தப் பட்டத்தை வைத்திருந்தவர்கள். முதல் பந்தயத்தில் பாதி நேரம் ஆவதற்குள் குருஸெய்ரோ 5 கோல் போட்டுவிட்டது, முடிவு 6–2. இரண்டாவது பந்தயம் ஸாவ் பாவ்லோவில். அங்கே 2 கோல் பின்தங்கியிருந்து, கடைசியில் 3–2 என்று ஜெயித்தார்கள். இந்த இளைஞர் கோஷ்டியின் மூளை என்று எல்லோரும் காட்டியது 19 வயது டோஸ்டாவை.

அதே வருஷம் ஜூலையில், இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பைக்கும் அவர் போயிருந்தார். அந்தப் பிரயாணத்தைப் பற்றி பிரேஸில்காரர்கள் அதிகம் பேச விரும்புவதில்லை. நாற்பது பேருக்கு மேல் கூப்பிட்டு, நாலு கோஷ்டியாகப் பிரித்து, யார் எங்கே ஆடுவது என்று முடிவு செய்யாமலே கப்பலேறியது போலப் போய்ச் சேர்ந்தார்கள். முதல் சுற்றிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. ஹங்கேரியிடம் 1–3 என்று தோற்ற பந்தயத்தில் பீலே ஆடவில்லை. பிரேஸிலின் அந்த ஒரு கோலைப் போட்டவர் டோஸ்டாவ்.

இதிலிருந்து ஒரு பேச்சு கிளம்பியது. டோஸ்டாவ் பீலேயின் வாரிசு. பீலே இல்லாதபோது ஆட வேண்டியவர் என்று. வாரிசு என்பது மரியாதையான வார்த்தைதான். ஆனால் ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் வரையில் வாரிசுக்கு உத்தியோகம் ஏது? இரண்டு பேரும் முன்னணிக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட அதே பிரதேசத்தில் சஞ்சரிக்கிறவர்கள். ஆதலால் இருவரும் சேர்ந்து ஆட முடியாது என்பது அநேகம் நிபுணர்களின் அபிப்பிராயம்.

ஸல்டான்யா என்ற பத்திரிகைக்காரருக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. 1969 பிப்ரவரியில் அவரையே தேசியப் பயிற்சியாளராக நியமித்தார்கள். ஓயாமல் குறை கூறுகிறவனிடமே வேலையைக் கொடுத்துவிட்டால் வாயை மூடிக்கொள்வான் என்று மேலிடத்தில் நினைத்தார்களோ என்னவோ! அவர் வாயை மூடுகிற மனிதர் அல்ல. வந்த அன்றே தம்முடைய பதினொரு பேரையும் பெயர் சொல்லி அறிவித்துவிட்டார். பீலேயும் இருந்தார், டோஸ்டாவும் இருந்தார். அந்த ஆகஸ்டில் நடந்த தகுதிப் பந்தயங்கள் ஆறிலும் பிரேஸில் ஜெயித்தது. போட்ட கோல் 23, வாங்கிய கோல் 2. இருபத்து மூன்றில் டோஸ்டாவ் போட்டவை 10, பீலே 6.

இதோடு விவகாரம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை.

1969 செப்டம்பர் 24-ந் தேதி இரவு, ஸாவ் பாவ்லோவில் குருஸெய்ரோவுக்கும் கொரிந்தியன்ஸ் கிளப்புக்கும் பந்தயம். எதிர்க்கட்சித் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் ஆபத்தை விலக்குவதற்காகப் பந்தை ஓங்கி உதைத்தார். அது நேரே வந்து டோஸ்டாவின் இடது கண்ணில் அடித்தது. அவர் மேல் குற்றம் ஒன்றுமில்லை. மைதானத்தில் ஆயிரம் தடவை நடக்கிற காரியம். ஆனால் கண்ணுக்குள்ளே விழித்திரை பிய்ந்து நகர்ந்துவிட்டது. காமிராவுக்குப் பிலிம் எப்படியோ அப்படிக் கண்ணுக்கு விழித்திரை. சுவரில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் பெயர்வது போல அது பெயர்ந்துவிட்டால் பார்வை போகிற வழிதான். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே சிகிச்சை செய்தவர் பிரேஸில் தேசத்தவரான டாக்டர் ராபர்ட்டோ அப்தலா மோரா. கண் பிழைத்தது. ஆனால் சுமார் ஆறு மாத காலம் பந்தைத் தொடக்கூடாது.

அப்போது டோஸ்டாவுக்கு வயது 22. உலகக் கோப்பைக்கு எட்டு மாதம் இருந்தது.

கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிற நான், இந்த இடத்தில் பேனாவைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். தலையால் முட்டுவது இந்த ஆட்டத்தில் பாதி. முழங்கையும் தோளும் முகத்தில் படாமல் ஓர் ஆட்டம் முடிவதில்லை. என் பிள்ளையாக இருந்தால், “கோப்பையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வீட்டில் கிட” என்று சொல்லியிருப்பேன். தேசத்துக்காக ஒருவனுடைய இடது காலைக் கேட்கலாம். இடது கண்ணையும் பணயமாக வைக்கச் சொல்ல யாருக்குப் பாத்தியதை? டாக்டர் ஆடலாம் என்று சொன்னார். பையனும் ஆடுகிறேன் என்றான். மேலே பேச இடமில்லாமல் போயிற்று.

டோஸ்டாவ் குணமாகித் திரும்புவதற்குள் ஸல்டான்யாவின் வேலை போய்விட்டது. பிரேஸிலில் 1964 முதல் ராணுவ ஆட்சி. 1969 அக்டோபரில் ஜனாதிபதியான ஜெனரல் மெடிஸி கால்பந்துப் பித்தர். டாரியோ என்ற முன்னணி ஆட்டக்காரர் மேல் அவருக்குப் பிரியம். ஜனாதிபதி தம்முடைய மந்திரிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும், ஆட்டக்காரர்களை நான் தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன் என்ற கருத்தில் ஸல்டான்யா பதில் சொன்னதாக ஒரு கதை பிரசித்தம். அவர் கம்யூனிஸ்டு வேறு. இது ஒன்றுதான் காரணம் என்பதற்கில்லை. பீலேயையே சந்தேகித்துப் பேசியது, எல்லோரோடும் சண்டை பிடித்தது என்று பல கணக்குகள் சேர்ந்திருந்தன. 1970 மார்ச்சில் அவரை அனுப்பிவிட்டு ஸகாலோவைக் கொண்டு வந்தார்கள்.

ஸகாலோ 1958-லும் 1962-லும் கோப்பை வென்ற கோஷ்டியில் இடப்பக்கம் ஆடியவர். பிரகாசமான ஆட்டக்காரர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. முன்னணியில் பெயர் எழுதியிருப்பார்கள். ஆனால் கஷ்டம் வந்தால் பின்னால் ஓடி வந்து தற்காப்புக்குத் தோள் கொடுப்பார். மற்றவர்கள் பிரகாசிப்பதற்காகத் தம் வேலையை மாற்றிக்கொண்டவர். அப்படிப்பட்டவரே முதலில் டோஸ்டாவைப் பீலேயின் மாற்று ஆள் என்றுதான் எடை போட்டார். நடுவே முன்னால் நிற்பதற்கு டாரியோ, ரோபர்ட்டோ போன்ற உயரமான, முட்டி மோதுகிற ஆட்களைப் பார்த்தார்.

பின்னால் வந்தவர்கள் இதற்காக ஸகாலோவைக் கேலி செய்கிறார்கள். நான் செய்யமாட்டேன். அவர் கையில் இருந்த சரக்கைப் பாருங்கள். பீலே, ஜெர்ஸன், ரிவெலினோ, ஜெய்ர்ஸின்யோ, டோஸ்டாவ். ஐந்து பேரும் தத்தம் கிளப்பில் நடுநாயகம். அதில் ஜெர்ஸன், ரிவெலினோ, டோஸ்டாவ் மூவரும் இடதுகால்காரர்கள். ஐந்து பெரிய வித்வான்களை ஒரே மேடையில் உட்கார வைத்துவிடலாம். ஐந்து பேரும் பாடுவார்கள். தம்புரா யார் போடுவது? தவிர, ஒருவருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் ஆகிறது. சந்தேகப்படாமல் இருந்திருந்தால் அதுவல்லவா ஆச்சரியம்!

அவருக்குப் பெருமை வேறு விஷயத்தில் இருக்கிறது. தாம் போட்ட எடை தப்பு என்று தெரிந்ததும் மாற்றிக்கொண்டார். ரிவெலினோவை இடது ஓரத்தில், ஆனால் சற்றுப் பின்வாங்கி, ஏறக்குறையத் தாமே அந்தக் காலத்தில் ஆடிய இடத்தில் நிறுத்தினார். ஜெர்ஸனை நடுவில் நிறுத்தி ஆட்டத்தை ஒப்படைத்தார். டோஸ்டாவை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். அது டோஸ்டாவ் அவ்வளவாக ஆடாத இடம். 5 அடி 8 அங்குலம் இருக்கிற, முட்டி மோதாத, முட்டி மோதவும் கூடாத ஒருவரை, மல்லர்கள் நிற்கிற இடத்தில் நிறுத்துவதா என்று பத்திரிகைகள் கேட்டன.

அந்த இடத்தின் வேலை டோஸ்டாவுக்குப் புதிதாக இருக்கலாம், தெரியாதது அல்ல. குருஸெய்ரோவில் எவால்டோ என்று ஒருவர் முன்னால் நிற்பார். டோஸ்டாவும் டிர்ஸெயு லோபெஸும் அவருக்குப் பின்னாலிருந்து வருவார்கள். எதிரியின் ஆட்களை எவால்டோ தம் பக்கம் இழுத்துக்கொண்டு நகர்ந்தால், காலியாகிற இடத்தில் இவர்கள் இருவரும் புகுந்து கோல் போடுவார்கள், பெயர் இவர்களுக்கு. மெக்ஸிகோவில் டோஸ்டாவ் செய்தது எவால்டோவின் வேலையை. தம்புராவை அவர் எடுத்துக்கொண்டார்.

கணக்கைப் பார்த்தாலே தெரிகிறது. தகுதிப் பந்தயங்களில் 10 கோல் போட்டவர், 1970 உலகக் கோப்பையில் ஆறு பந்தயங்களிலும் சேர்த்துப் போட்டது 2 தான். இரண்டும் பெரு தேசத்துக்கு எதிராக. வெறும் கோல் கணக்கை வைத்து யோக்யதையை நிர்ணயிக்கிறவர்கள் அவரை உட்கார வைத்திருப்பார்கள்.

ஜூன் 7-ந் தேதி குவாடலஹாராவில் இங்கிலாந்துடன் நடந்த ஆட்டத்தின் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நண்பகல் வெயில். முந்திய கோப்பையை வென்ற இங்கிலாந்து மலை போல நிற்கிறது. ஒரு மணி நேரம் ஆகப் போகிறது, கோல் இல்லை. அப்போது டோஸ்டாவ் இடப்பக்கத்தில் பந்தை வாங்குகிறார். ஒருவரைக் கடக்கிறார். பாபி மூர் என்ற மகா சூரரின் இரண்டு கால்களுக்கும் நடுவே பந்தை விட்டு மறுபக்கம் எடுக்கிறார். இடது ஓரம், இடதுகால்காரர். அடுத்தது இடது காலால் உதை என்றுதான் எதிராளிகள் நினைத்திருப்பார்கள். அவர் சட்டென்று திரும்பி, பலவீனமான வலது காலால் பந்தைத் தூக்கிப் போட்டார். நம் ஊர் மாமியார்கள் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். பந்து பீலேயின் காலடிக்கு வந்தது. பீலே அவசரப்படாமல் வலப்பக்கம் நகர்த்தினார். ஜெய்ர்ஸின்யோ உள்ளே தள்ளினார். 1–0, அதுவே முடிவு. சற்று நேரத்துக்கெல்லாம் டோஸ்டாவை வெளியே அழைத்துக்கொண்டு ரோபர்ட்டோவை அனுப்பினார்கள். அப்போதுகூட அந்த இடம் அவருக்கு முழுதும் உறுதியாகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரை இறுதியில் உருகுவே முதல் கோலைப் போட்டு மிரட்டியபோது, க்ளோடோவால்டோ பின்னாலிருந்து ஓடி வந்து சமன் செய்தார். அந்தப் பந்தைச் சரியான கணத்தில் இடப்பக்கத்திலிருந்து கொடுத்தவர் டோஸ்டாவ். ஜெய்ர்ஸின்யோவின் இரண்டாவது கோலுக்கும் அவர்தான். அதே ஆட்டத்தில், பீலே பந்தைத் தொடாமலே கோல்காப்பாளரை ஒரு பக்கமும் பந்தை ஒரு பக்கமும் அனுப்பி ஏமாற்றிய காட்சியை இன்றைக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தப் பந்தை அனுப்பியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. கோலும் விழவில்லை, பந்து மயிரிழையில் வெளியே போய்விட்டது.

ஜூன் 21-ந் தேதி, மெக்ஸிகோ நகரத்தில் இத்தாலியுடன் இறுதிப் பந்தயம். கடைசியில் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ ஓடி வந்து அடித்த நாலாவது கோலை உலகத்தின் தலைசிறந்த கோல் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கோலின் பூர்வோத்தரத்தைத் தேடிக்கொண்டு பின்னால் போனால், பிரேஸிலின் சொந்தப் பகுதியில், இடது ஓரத்தில் போய் நிற்போம். அங்கே ஓர் இத்தாலியரைத் துரத்திக்கொண்டு வந்து பந்தைப் பறிக்கிறவர் 9-ஆம் எண் சட்டைக்காரர். 3–1 என்று முன்னிலையில் இருக்கும்போது, ஆட்டம் முடிய நாலைந்து நிமிஷமே இருக்கும்போது, எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டியவர் எல்லோருக்கும் பின்னால் வந்து நிற்கிறார்! அங்கிருந்து பந்து கை மாறி, க்ளோடோவால்டோ நாலு பேரைக் கடந்து, ரிவெலினோ, ஜெய்ர்ஸின்யோ, பீலே என்று போய்ச் சேர்ந்தது.

ஜெனரல் மெடிஸிக்குப் பிரியமான டாரியோவும் மெக்ஸிகோவுக்கு வந்திருந்தார். ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை.

கோப்பை வென்றவர்களுக்குக் கொடுத்த தங்கப் பதக்கத்தை டோஸ்டாவ் வைத்துக்கொள்ளவில்லை. தம் கண்ணைக் காப்பாற்றிய டாக்டர் மோராவுக்குக் கொடுத்துவிட்டார்.

1972-ல் ரியோவின் வாஸ்கோ ட காமா கிளப்பு பெருந்தொகை கொடுத்து அவரை வாங்கியது. கண் மறுபடியும் தொந்தரவு கொடுத்தது. 1973-ல், 26-ஆவது வயதில், ஆட்டத்தை விட்டுவிட்டார். நம்மில் பலர் உத்தியோகத்துக்கு மனுப் போடுகிற வயது அது. டோஸ்டாவ் பாடப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, சொந்த ஊரில் மருத்துவக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். 1981-ல் பட்டம் பெற்றார். காலணா என்ற பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு டாக்டர் எடுவார்டோ ஆனார். வைத்தியம் பார்த்தார்; மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். அந்த வருஷங்களில் கால்பந்து உலகத்தின் பக்கமே அதிகம் எட்டிப் பார்க்கவில்லை.

1994-ஆம் வருஷ உலகக் கோப்பையின்போது அவரை மறுபடியும் அழைத்து வந்து பேச வைத்தார்கள். பிறகு பத்திரிகையில் பத்தி எழுதத் தொடங்கினார். எந்தப் பையனைத் தேசிய கோஷ்டியில் சேர்க்கலாம், அவனை எங்கே நிறுத்தலாம், அவனுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்தலாம் என்றெல்லாம் அதில் எழுதினார்.